கர்னலைக் கைது செய்ய ஒரு வாரண்ட் ஆபீசரால் முடியுமா? இராணுவத் துப்பறியும் தொடர் பற்றி ஒரு சந்தேகம்

நள்ளிரவு எழுத்தன்:

வணக்கம். வாரம் ஓர் அத்தியாயம் என்று இணையத்தில் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் அமெரிக்க இராணுவத்தின் சிஐடி என்ற குற்றப் புலனாய்வுப் பிரிவில் ஏஜென்ட். பதவி, சிப்பாய்க்கும் கமிஷன் அதிகாரிக்கும் நடுவில் வரும் வாரண்ட் ஆபீசர். படைமுகாம்களில் சிப்பாய்களைக் கொன்றுவிட்டு அடுத்த முகாமுக்கு நழுவும் ஒரு கொலைகாரனை அவன் துரத்துகிறான். முகாமுக்கு ஒரு பாகம். இப்போது இரண்டாம் பாகம் ஓடுகிறது.

போன வாரம் நாயகன் ஒரு கர்னலின் அறைக்குள் நுழைகிறான். அந்தக் கர்னல் ஒரு பிரிகேடுக்கே கமாண்டர். சல்யூட் கிடையாது. ஒரு புகைப்படத்தை மேசைமேல் விட்டெறிகிறான். "எழுந்திருங்கள் கர்னல், உங்களைக் கைது செய்கிறேன்." விலங்கு மாட்டி, நேரே கொண்டுபோய்ச் சிறையில் தள்ளுகிறான். கதவு சாத்தப்படும் சத்தம். தொடரும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஆனால் ஒரு வாசகர் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வாரண்ட் ஆபீசர் என்பவன் நேற்றுச் சேர்ந்த லெப்டினன்டுக்கே சல்யூட் அடிக்க வேண்டியவன், அவன் கர்னலுக்கு விலங்கு மாட்டுவானாம், காதில் பூ சுற்றாதே" என்கிறார். இன்னொருவர் எனக்கு ஆதரவாக, "சிஐடிக்கு எல்லா அதிகாரமும் உண்டு, ஜெனரலையே தூக்கலாம்" என்கிறார். இருவரும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் அடுத்த அத்தியாயத்தை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

யார் சொல்வது சரி? அப்புறம், முகாமின் கேட்டைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குள் போனால் என் நாயகனுக்கு அதிகாரம் இருக்கிறதா? கடைசியில் அவன் கொலைகாரனைச் சுட்டுக் கொல்வதாக வைத்திருக்கிறேன். அதற்கும் யாராவது கணக்குக் கேட்பார்களா?

திரைவெறியன்:

இவ்வளவு யோசிக்காதீர்கள் ப்ரோ. நாயகனை உளவுத்துறை ஆளாக மாற்றிவிடுங்கள். ஜனாதிபதியே ரகசியமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆள். யாரைச் சுட்டாலும் கேள்வி இல்லை. ரேங்க் பிரச்சினையும் இல்லை, கேட் பிரச்சினையும் இல்லை.

கோப்புக்காரி:

திரைவெறியன் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கேள்வியே இல்லாத ஆளுக்குக் கதையும் இல்லை. போதாக்குறைக்கு, அரசாங்கமே படுகொலைக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று 1976-ல் ஜனாதிபதி ஃபோர்டு உத்தரவு போட்டார். 1981-ல் ரீகன் போட்ட 12333-ஆம் எண் உத்தரவிலும் அந்தத் தடை இருக்கிறது. அதைச் சுற்றி எத்தனையோ சந்து பொந்து உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே, அமெரிக்கச் சிப்பாய்களைக் கொல்கிற அமெரிக்கனைப் பிடிக்க உளவுத்துறை வராது. சிஐடி ஆளே சரியான தேர்வு.

என் பிழைப்பு அமெரிக்கத் தீர்ப்புகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவது. இராணுவ நீதிமன்ற மேல்முறையீடுகள் என்றால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள், அதனால் அந்தக் கட்டு முழுக்க என் தலையில் விழுந்தது. விழுந்த நாள்முதல் எனக்குத் துப்பறியும் நாவல் வாங்குகிற செலவு மிச்சம்.

உங்கள் வாசகர்கள் இருவரும் பாதிப் பாதி சரி.

முதலில் ரேங்க். சிஐடி ஏஜென்ட் விசாரணைக்குப் போகும்போது பெரும்பாலும் சாதாரண உடையில்தான் போவார். கோட்டு, டை, இடுப்பில் பேட்ஜ். தோளில் எந்தச் சின்னமும் இருக்காது. தன்னை "ஸ்பெஷல் ஏஜென்ட்" என்று மட்டும் அறிமுகப்படுத்திக்கொள்வார். உங்கள் ரேங்க் என்ன என்று கேட்டாலும் சொல்ல மாட்டார். எதிரில் உட்கார்ந்திருப்பவன் இவர் ஒரு சார்ஜென்டா, வாரண்ட் ஆபீசரா, சிவிலியனா என்று தெரியாமலே பேச வேண்டும். ஆகவே சல்யூட் அடிக்காதது தப்பில்லை. அந்த மட்டில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

அடுத்தது, யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது. சிஐடியின் கட்டளை வரிசை தனி. முகாமில் இருக்கும் எந்தக் கமாண்டரும் சிஐடி ஏஜென்டுக்கு மேலதிகாரி கிடையாது. 1918-ல் பிரான்ஸில் படை நடத்திக்கொண்டிருந்த ஜெனரல் பெர்ஷிங், மிலிட்டரி போலீஸுக்குள் ஒரு குற்றப் புலனாய்வுப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டார், அதுதான் ஆரம்பம். ஆனால் நெடுங்காலம் அது அந்தந்த வட்டாரக் கமாண்டர்களின் கைக்குள் இருந்தது. 1971-ல்தான் அதைப் பிரித்தெடுத்து, நேராக வாஷிங்டனுக்குப் பதில் சொல்லும் தனிக் கமாண்டாக்கினார்கள். உங்கள் கர்னல் "என் பிரிகேடில் விசாரணை வேண்டாம், கிளம்பு" என்று கத்தலாம், மேசையைத் தட்டலாம், ஆனால் விசாரணையை நிறுத்த முடியாது.

பிடிப்பதற்கும் அதிகாரம் உண்டு. இராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட எவரையும், குற்றம் செய்திருக்கிறார் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால், ஏஜென்ட் பிடித்துக் காவலில் கொண்டுவரலாம். கர்னலையும் சேர்த்துத்தான். ஆகவே விலங்கு வரைக்கும் உங்கள் காட்சி நிற்கும்.

சிறைக்கதவில்தான் சிக்கல். ஓர் அதிகாரியைச் சிறையில் அடைக்கும் உத்தரவை, அவர் யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவரோ அந்தக் கமாண்டிங் ஆபீசர் மட்டுமே போட முடியும். இராணுவ நீதிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. சட்டம் அதோடு விடவில்லை. அந்த அதிகாரத்தை வேறு யாருக்கும் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறது. உதவியாளரிடம் "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போக முடியாது. சாதாரணச் சிப்பாய் என்றால் எந்தக் கமிஷன் பெற்ற அதிகாரியும் உத்தரவு போடலாம்.

பிரிகேட் கமாண்டருக்கு மேலே யார்? டிவிஷன் கமாண்டர், இரண்டு நட்சத்திர மேஜர் ஜெனரல். உங்கள் நாயகன் கர்னலைப் பிடித்துவிட்டான். இப்போது நடுராத்திரியில் ஒரு மேஜர் ஜெனரலைத் தட்டி எழுப்பி, "நீங்கள் கையில் வைத்துத் தாங்கும் கர்னல் ஒரு கொலைகாரர், சிறையில் போட உத்தரவு கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். ஜெனரல் மாட்டேன் என்றால்? புகைப்படத்தை விட்டெறிவதைவிட இந்த உரையாடல் எவ்வளவு பெரிய காட்சி என்று யோசித்துப் பாருங்கள்.

கேட் விஷயத்தையும் துப்பாக்கி விஷயத்தையும் ராத்திரி எழுதுகிறேன். குக்கர் கத்துகிறது.

பழைய சிப்பாய்:

நான் வேறு நாட்டுப் படையில் இருந்தவன், அமெரிக்கச் சட்டம் தெரியாது. ஆனால் பட்டாளம் எங்கேயும் பட்டாளம்தான். உங்கள் காட்சியில் என்னை உறுத்தியது வேறு. கர்னலின் அறைக்கு யாரும் நேராகப் போய்விட முடியாது தம்பி. வெளியே அவருடைய நிர்வாக அதிகாரி, அட்ஜுடன்ட், இருப்பார். அவருக்கு முன்னால் ஒரு கிளார்க் இருப்பான். அந்தக் கிளார்க்குக்குத்தான் எல்லாம் தெரியும். யார் வந்தார், எத்தனை நேரம் உள்ளே இருந்தார், வெளியே வரும்போது முகம் எப்படி இருந்தது, எந்தப் ஃபைல் திரும்பி வரவில்லை, எல்லாம். புலனாய்வுக்காரன் கேட்டுக்குள் வண்டியை நிறுத்துவதற்குள் செய்தி மெஸ் வரைக்கும் போய்விடும். அப்புறம் யாரைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது சாப்" ஒன்றுதான் பதில்.

சிப்பாய்க்குக் கொலைகாரன் மேல் பாசம் எதுவும் கிடையாது. வெளியாள் ஒருவன் வந்து நம் யூனிட் பெயரைக் கெடுக்கப் போகிறான் என்ற கோபம்தான். உங்கள் நாயகன் அந்தக் கிளார்க்கிடமிருந்து தொடங்கினால் கதை தானாக நடக்கும்.

வாரண்ட் ஆபீசர் என்றால் நம் சுபேதார் மாதிரி என்று வாசகர்கள் நினைப்பார்கள். ஏறக்குறைய அப்படித்தானே?

கோப்புக்காரி:

சிப்பாய்க்கும் கமிஷன் அதிகாரிக்கும் நடுவில் இருப்பவர் என்பதுவரை சரிதான் ஐயா. ஆனால் சுபேதார் ஆட்களை நடத்துகிறவர். அவர்கள் ஊர் வாரண்ட் ஆபீசர் ஒரே ஒரு தொழிலில் ஊறியவர். ஹெலிகாப்டர் ஓட்டுவார், அல்லது ரேடார் பார்ப்பார், அல்லது குற்றம் துப்பறிவார், வாழ்நாள் முழுக்க அதுவே. ஐந்து படிகள் உண்டு. கர்னலாகும் ஆசையில் வருஷத்துக்கு ஒரு பதவி மாறுகிறவர்கள் அவரைச் சுற்றிப் போய்க்கொண்டே இருப்பார்கள், இவர் அதே மேசையில் இருப்பார்.

கிளார்க் விஷயம் அருமை. தீர்ப்புகளிலும் அப்படித்தான். வழக்கு திரும்பும் இடத்தில் சாட்சிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத ஒரு ஸ்பெஷலிஸ்ட், அதாவது கீழ்ப்படியில் இருக்கும் ஒரு சிப்பாய்.

சரி, பாக்கிக் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேட்டுக்கு வெளியே கதை மாறுகிறது. சட்டத்தை நிலைநாட்டும் வேலைக்குப் படையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1878-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் ஏஜென்ட் ஊருக்குள் போய் ஒரு மதுக்கடைக்காரனைச் சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது. இராணுவத்துக்குச் சம்பந்தமுள்ள வழக்கில் ஊருக்குள் போய் ஆட்களிடம் பேசலாம், தகவல் திரட்டலாம். சிவிலியனைப் பிடிக்க வேண்டுமென்றால் உள்ளூர் ஷெரிஃபோ எஃப்பிஐயோ வேண்டும். முகாமுக்குள்ளேயே ஒரு சிவிலியன் கொலை செய்தாலும் அவனை இராணுவ நீதிமன்றம் விசாரிக்காது, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். சிப்பாய் மட்டும் எங்கே குற்றம் செய்தாலும் சிப்பாய்தான். 1987-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. குற்றத்துக்கும் இராணுவத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை, குற்றம் நடந்தபோது அவன் படையில் இருந்தானா என்பது போதும் என்றது.

இதிலிருந்து ஒரு நிஜ வழக்கு. எந்த நாவலாசிரியரும் எழுதத் துணியாத வழக்கு. 1985-ல் வட கரோலினாவில், ஃபோர்ட் பிராக் முகாமை ஒட்டிய ஃபயட்வில் நகரில், விமானப்படைக் கேப்டன் ஒருவரின் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் வீட்டில் கொல்லப்பட்டார்கள். டிமோத்தி ஹென்னிஸ் என்ற இராணுவ சார்ஜென்ட் பிடிபட்டார். மாநில நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1989-ல் மறு விசாரணையில் ஜூரி அவரை விடுதலை செய்தது. அவர் இராணுவத்துக்கே திரும்பினார், பதவி உயர்வு பெற்றார், ஓய்வும் பெற்றார். அப்புறம் பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரியில் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். அவருடையதோடு பொருந்தியது.

விடுதலையான வழக்கில் மாநிலம் மறுபடி விசாரிக்க முடியாது. ஆனால் இராணுவம் வேறு அரசு, அதாவது கூட்டாட்சி அரசு. ஓய்வூதியம் வாங்குகிறவர் இன்னும் இராணுவச் சட்டத்துக்குள்தான் இருக்கிறார். 2006-ல் அவரை மறுபடி பணிக்கு அழைத்தார்கள். சீருடை போட வைத்து, 2010-ல் ஃபோர்ட் பிராக்கிலேயே இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மறுபடியும் மரண தண்டனை.

இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நியாயமா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு தீர்ப்பும் வரவில்லை. ஆனால் உங்கள் கொலைகாரன் "நான் ரிட்டையர்டு, என்னை ஒன்றும் செய்ய முடியாது" என்று சிரிப்பதாக ஒரு காட்சி வைத்தால், அதற்கு நாயகனின் பதில் என்னவாக இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

துப்பாக்கி: கணக்குக் கேட்பார்கள். ஏஜென்ட் சுட்டால் அந்தச் சூடே ஒரு தனி விசாரணை. துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, சட்டப்படி அவரிடமும் உரிமைகளைச் சொல்லி, வாக்குமூலம் கேட்பார்கள். முடிவை மாற்ற வேண்டாம், ஆனால் சுட்ட மறுநாள் ஒரு அத்தியாயம் வையுங்கள். நேற்றுவரை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

திரைவெறியன்:

ஹென்னிஸ் வழக்கு தலை சுற்றுகிறது. சரி, நான் உளவுத்துறையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று. ரேங்க் தொல்லையே வேண்டாமென்றால் கடற்படைக்குப் போகலாமே? அங்கே குற்றம் துப்பறியும் என்சிஐஎஸ் ஏஜென்டுகள் எல்லோரும் சிவிலியன்கள்தானே?

கோப்புக்காரி:

அட, இது நல்ல கேள்வி. பெரும்பாலும் சிவிலியன்கள்தான். 1992-லிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது, தலைவரும் சிவிலியன். அங்கே ஒரு வேலை இருக்கிறது, நான் எழுத்தாளராக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். விமானந்தாங்கிக் கப்பலில் ஓர் ஏஜென்டை ஏற்றி அனுப்புவார்கள். கப்பல் மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது அவரும் அங்கேயே. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் கப்பலில் எல்லா வழக்குகளுக்கும் அவர் ஒருவர்தான். கேப்டன் அவருக்கு மேலதிகாரி கிடையாது, ஆனால் கேப்டனுடைய சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். கொலைகாரனும் ஓடிப்போக முடியாது, இவரும் ஓடிப்போக முடியாது.

ஆனால் எழுத்தன் தம்பி ஏற்கெனவே இரண்டு பாகம் தரையில் ஓட்டிவிட்டார். அதை அடுத்த தொடருக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம்கண்:

தடயவியல் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த மாதிரித் தொடர்களில் நாயகன் வருவதற்குள் கொலை நடந்த வீடு கோயில் கருவறை மாதிரி தொடாமல் காத்திருக்கும். நிஜத்தில் முதலில் வருவது மிலிட்டரி போலீஸ், இளவட்டங்கள், சிலர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிணத்தைப் பார்க்கிறார்கள்.

1970 பிப்ரவரி 17, அதே ஃபோர்ட் பிராக். ஜெஃப்ரி மெக்டொனால்ட் என்ற, கிரீன் பெரே சிறப்புப் படை மருத்துவரின் கர்ப்பிணி மனைவியும் இரண்டு மகள்களும் முகாம் குடியிருப்பிலேயே கொல்லப்பட்டார்கள். வெளியாட்கள் புகுந்து செய்தார்கள் என்றார் அவர். முன்னறையில் ஒரு பூந்தொட்டி. செடியும் மண்ணும் தரையில் கிடக்க, தொட்டி மட்டும் நிமிர்ந்து நின்றது. போராட்டம் நடந்த அறையில் தொட்டி எப்படி நிற்கும், இது ஜோடிக்கப்பட்ட காட்சி என்று சிஐடி முடிவுகட்டியது. பிறகு நடந்த இராணுவ விசாரணையில், முதலில் வந்தவர்களில் ஒருவரே அந்தத் தொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார் என்று சாட்சியம் வந்தது. அவ்வளவுதான், சிஐடி மானம் கப்பலேறியது. அந்த வீட்டிலிருந்து மருத்துவரின் பர்ஸும் காணாமல் போயிருந்தது. அந்த ஆண்டே குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்கள். அவர் கௌரவமாக இராணுவத்தை விட்டு வெளியேறினார்.

1979-ல் சிவிலியன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆயுள் தண்டனை. அவர் இன்றுவரை மறுக்கிறார். அந்தத் தொட்டியைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை.

ஆகவே உங்கள் நாயகன் கொலை நடந்த இடத்துக்குள் போனதும் பிணத்தைப் பார்க்க வேண்டாம். வாசலில் நிற்கும் இளம் போலீஸ்காரனிடம் "உள்ளே எதையெல்லாம் தொட்டாய்?" என்று கேட்கட்டும். அவன் பொய் சொல்லட்டும்.

நள்ளிரவு எழுத்தன்:

எல்லோருக்கும் நன்றி. கோப்புக்காரி அக்கா, உங்களை அக்கா என்று கூப்பிடலாம்தானே? அந்த மேஜர் ஜெனரல் காட்சியை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஜெனரல் கர்னலைக் காப்பாற்றுவதற்காக வழக்கையே மூடிவிடுவதாக வைக்கலாமா? அப்படி மூட முடியுமா?

இன்னொன்று, விசாரணை அறைக் காட்சி. நாயகன் நாற்காலியை உதைத்து, விளக்கை முகத்தில் அடித்து... இது பழைய பாணி என்று எனக்கே தோன்றுகிறது. நிஜத்தில் எப்படி இருக்கும்?

கோப்புக்காரி:

கூப்பிடுங்கள் தம்பி.

வழக்கை மூட முடியுமா என்பது உங்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. நீண்ட காலம், ஒரு குற்றத்தை இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது வக்கீல் அல்ல, கமாண்டர். சிஐடி துப்பறிந்து ரிப்போர்ட் கொடுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஜெனரல் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாலும் சட்டப்படி அது அவர் உரிமை. இந்த வகைத் தொடர்களில் வரும் "மேலிடம் அமுக்கிவிட்டது" என்ற திருப்பம் முழுக்க அந்தப் பழைய ஏற்பாட்டின் மேல்தான் நின்றது. 2023 டிசம்பர் 28 முதல் அது மாறிவிட்டது. அன்றிலிருந்து நடந்த கொலை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களில் முடிவெடுப்பது கமாண்டர் வரிசைக்கு வெளியே இருக்கும் சிறப்பு வழக்கறிஞர்கள். உங்கள் கொலைகள் 2024-க்குப் பிறகு நடந்தால் ஜெனரல் வழக்கை மூட முடியாது, ஆனால் சிறையில் அடைக்கும் உத்தரவைப் போடாமல் இழுத்தடிக்கலாம். 2015-ல் நடந்தால் அவரே எல்லாம்.

என்னைக் கேட்டால் பழைய ஆண்டிலேயே வையுங்கள். ஆனால் பேருக்கு ஒரு ஆண்டு போட்டால் போதாது. சிஐடிக்குள்ளேயே 2020-ஐ ஒட்டிப் பெரிய குலுக்கல் நடந்தது. டெக்சஸின் ஃபோர்ட் ஹுட்டில் ஓர் இளம் பெண் சிப்பாய் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஒரு சுயேச்சைக் குழு போய்ப் பார்த்தது. அங்கே இருந்த சிஐடி ஏஜென்டுகள் போதாது, இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அனுபவமில்லாதவர்கள் என்று அறிக்கை எழுதியது. அதன் பிறகுதான் முதல்முறையாக ஒரு சிவிலியன் தலைவர் வந்தார், சிவிலியன் ஏஜென்டுகளை நிறையச் சேர்க்கத் தொடங்கினார்கள். முகாம் பெயர்களும் அப்படியே. ஃபோர்ட் பிராக்குக்கு 2023 ஜூனில் ஃபோர்ட் லிபர்ட்டி என்று பெயர் வைத்து, 2025-ல் மறுபடி பிராக் ஆக்கினார்கள். 2024-ல் நடக்கும் காட்சியில் பெயர்ப் பலகையில் பிராக் என்று எழுதினால் அந்தச் சண்டைக்கார வாசகர் திரும்பவும் வருவார்.

இப்போது விசாரணை அறை. நாற்காலியை உதைக்க வேண்டாம். அந்த அறையில் பயங்கரமான பொருள் ஒரு தாள்.

அதன் எண் டிஏ 3881. சந்தேகப்படும் ஆளிடம் கேள்வி கேட்கும் முன், அவர்மேல் என்ன சந்தேகம் என்பதைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருக்கலாம், பேசினால் அது எதிராகப் பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். இது இராணுவச் சட்டத்தில் 31-ஆவது பிரிவு, 1951-லிருந்து அமலில் இருக்கிறது. சினிமாவில் போலீஸ்காரர்கள் ஒப்பிக்கும் மிராண்டா தீர்ப்பு 1966-ல்தான் வந்தது. சிவிலியன் என்றால் காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் சொல்ல வேண்டும். இராணுவத்தில் காவலே தேவையில்லை, சந்தேகம் வந்துவிட்டாலே சொல்லியாக வேண்டும். காரணம் புரிகிறதா? மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லியே பழகியவன் சிப்பாய். அவனுக்கு "சொல்லாமல் இருக்கலாம்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லாவிட்டால் தோன்றவே தோன்றாது.

அந்தத் தாளில் குற்றத்தின் பெயரை எழுதும் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் கர்னல் ஏதோ பண மோசடி பற்றிய விசாரணை என்று நினைத்துச் சிரித்தபடி வந்து உட்காருகிறார். நாயகன் பேனாவால் அந்த இடத்தில் "கொலை" என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்புகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. புகைப்படம் எதற்கு?

அவர் கையெழுத்துப் போட்டுப் பேசச் சம்மதித்தால் இரண்டாவது தாள், டிஏ 2823, சத்திய வாக்குமூலம். பெரும்பாலும் ஏஜென்டே தட்டச்சு செய்வார். ஒவ்வொரு பக்கத்திலும் சொன்னவர் தன் இனிஷியலைப் போட வேண்டும். திருத்தம் இருந்தால் அடித்துவிட்டு அதன் பக்கத்திலும் இனிஷியல். விசாரணைக்காரர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ விட்டுவைப்பார்கள். படிக்கிறவர் அதைக் கண்டுபிடித்து, "இது பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று" என்று திருத்தி இனிஷியல் போடுவார். பிறகு நீதிமன்றத்தில் "நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்ல முடியாதல்லவா? ஒழுங்குக்குப் பெயர் போன கர்னல் ஒருவர் தன் கொலை வாக்குமூலத்தில் எழுத்துப் பிழை திருத்துகிறார். இதை எழுதாமல் விட்டால் நானே எழுதிவிடுவேன்.

சோதனை போடும் காட்சி இருந்தால் ஒரு வார்த்தை. இராணுவக் குடியிருப்பைச் சோதிக்கப் பெரும்பாலும் அந்த இடத்தின் கமாண்டரே அனுமதி தரலாம். உங்கள் கதையில் கமாண்டர்தான் சந்தேக ஆள். அவர் அறையைச் சோதிக்க அவரிடமே போய் நிற்க முடியாது, இராணுவ நீதிபதியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ போக வேண்டும்.

பழைய சிப்பாய்:

கர்னல் பிழை திருத்துவார். சத்தியமாகத் திருத்துவார். நான் பார்த்த ஒருவர் லீவு விண்ணப்பத்தைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித்தான் கொடுப்பார்.

நள்ளிரவு எழுத்தன்:

அக்கா, காட்சியை இப்படி மாற்றியிருக்கிறேன். கர்னல் வாக்குமூலம் கொடுக்கவில்லை, 3881-ஐப் பார்த்ததும் வக்கீல் வேண்டும் என்கிறார். கேள்விகள் நின்றுவிட்டன. ஜெனரல் சிறை உத்தரவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போது விடியற்காலை மூன்று மணி. கர்னல் சிஐடி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாயகன் அவரை என்ன செய்வான்? வீட்டுக்குப் போ என்று விட்டுவிடுவானா?

கோப்புக்காரி:

வக்கீல் கேட்டது சரியான நகர்வு, அந்த ஆள் முட்டாளாக இருக்கக் கூடாது.

சும்மா விட மாட்டான். கைரேகை, புகைப்படம் எல்லாம் எடுத்த பிறகு, சந்தேக ஆளை அவருடைய யூனிட்டிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். அதற்கும் ஒரு படிவம் உண்டு, டிடி 2708. இன்ன ஆளைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டும். சிப்பாய் என்றால் அவன் கம்பெனியின் முதல் சார்ஜென்ட் தூக்கக் கலக்கத்தில் வந்து, திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

பிரிகேட் கமாண்டருக்கு யார் வருவார்? அவருக்குக் கீழே இருக்கும் எவனும் அவரைப் பெற்றுக்கொள்ள முடியாது. டிவிஷன் தலைமையகத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும். அங்கே தலைமைப் பணி அதிகாரியும் ஒரு கர்னல்தான், அநேகமாக இருவரும் ஒரே காலத்தில் பதவி உயர்ந்தவர்கள், ஒருவர் வீட்டு விருந்துக்கு ஒருவர் போனவர்கள். அவரை வரவழையுங்கள். படிவத்தில் பெயர், ரேங்க், நேரம் எழுத வேண்டும். நாயகன் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கட்டும், அவர் உடனே வாங்க வேண்டாம்.

அப்புறம், முந்தைய பாகத்தில் ஒரு பிரிகேடியர் ஜெனரலுக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு ஒன்றுதான். அந்த வாசகர் பார்ப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.